வியன்னாவுக்கு ஏன் அவசரம் இல்லை?

கேள்வி: பாடகர் பில்லி ஜோயலின் ‘வியன்னா’ பாடல் அவசரப்படும் இளைஞனை நிதானிக்கச் சொல்கிறது, அதற்கு ஆஸ்திரியத் தலைநகர் எதற்கு?

பதில்: 1977இல் வெளியான ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ இசைத்தொகுப்பில் உள்ள இப்பாடலில், வியன்னா முதுமைக்கான உருவகமாக, அதாவது ஒன்றின் மேல் மற்றொன்றை ஏற்றிச் சொல்லும் அணியாக நிற்கிறது. பிரிந்து வாழ்ந்த தந்தையைக் காண அந்நகருக்குச் சென்ற ஜோயல், மூதாட்டி ஒருவர் தெருவைப் பெருக்குவதைக் கண்டு இரங்கியதாகவும், அது அவருக்குப் பயனுள்ள வேலை என்று தந்தை விளக்கியதாகவும் ஜோயலே கூறியிருக்கிறார். எனவே இப்பாடலைச் சோம்பலுக்கான தாலாட்டாகக் கொள்வோர் அதைப் பாதிதான் கேட்டிருக்கின்றனர். முதுமைக்கும் வேலை மிச்சமிருக்கும் என்பதால்தான், அத்தனையையும் இருபது வயதுக்குள் முடித்துவிடத் துடிப்பவனை அது சற்றே நிறுத்திவைக்கிறது.