சரக்கில்லாத கமிஷன் கடை

கேசினோவில் நஷ்டப்படாமல் கரையேற என்ன வழி என்று கேட்டால் என் மச்சினரிடம் ஒரே பதில்தான் உண்டு: "சாப்பாட்டுல எடுத்துடணும் மச்சான்." பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களில், நுழைவுக் கட்டணத்துக்குள் சாப்பாடும் அடக்கம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். காலையில் குடித்த டீயோடு சரி, மனிதர் பட்டினி. கப்பலுக்குக் கூட்டிப்போகும் படகில் ஏறும்போது முகத்தில் அப்படியொரு பக்திக் களை.

அவருக்குப் பரவை மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை. மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் வருகிறவர்கள் அதிசயம் பூங்காவின் சறுக்குகளைப் பார்த்துவிட்டு, பரவையில் கேளிக்கை என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அசல் ஆட்டம் நள்ளிரவுக்கு மேல் லாரிகள் வந்து நிற்கும்போதுதான் சூடு பிடிக்கும். வரத்து எவ்வளவு, ஒட்டன்சத்திரம் பக்கம் மழையா, எதிர்க்கடைக்காரர் என்ன விலை சொல்லப்போகிறார் என்று, தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் மனக்கணக்குப் போட்டாக வேண்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே தக்காளியை, வேறொரு பருவத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். உலகத்தில் வேறெந்தச் சூதாட்டத்திலும் கையில் இருக்கிற சீட்டு அழுகாது.

கப்பல் என்று சொன்னேனே தவிர, அது எங்கேயும் போகவில்லை. கோவாவின் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992-ல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்குள் காசு போட்டுச் சூதாடும் இயந்திரங்களை அனுமதித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கரைக்கு அப்பால் மிதக்கும் கப்பல்களுக்கும் வழி பிறந்தது. ஆக, சட்டத்துக்காக மிதக்கிறது, வாடிக்கையாளருக்காக நிற்கிறது. "நம்ம வைகையில இப்படி ஒண்ணு விட்டா என்ன மச்சான்?" என்றார். வைகையில் கடைசியாக நாடறிய மிதந்தது 2017-ல் அணையில் விட்ட தெர்மாகோல்தான், அதுவே சொன்ன இடத்தில் நிற்காமல் கரை ஒதுங்கிவிட்டது என்று ஞாபகப்படுத்தினேன்.

உள்ளே ஜன்னலும் கண்ணில் படவில்லை, கடிகாரமும் கண்ணில் படவில்லை. நேரம் போவது தெரியக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பழைய உத்தி. மச்சினரிடம் அது பலிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாருக்கும் கண் சொருகி, தப்பும் தவறுமாகப் பணத்தை வைக்கிற நேரத்தில் அவருக்கு ஆபீஸ் திறக்கிற நேரம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரவுலட் மேஜை ஓரம் போய் நின்றார். விளையாடவில்லை. சரக்கு பார்க்கிறாராம்.

அந்தச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். மொத்தம் 37 குழி. நீங்கள் வைத்த எண்ணில் பந்து விழுந்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து. நியாயத்துக்கு முப்பத்தாறு தர வேண்டும். குறைகிற அந்த ஒன்றில்தான் கப்பலின் மின்விளக்கு எரிகிறது, பந்தியில் கோழி வேகிறது. வைக்கிற நூறு ரூபாய்க்குச் சராசரியாக ரூ. 2.70 கேசினோக்காரனுக்கு. மச்சினர் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்.

"இம்புட்டுத்தானா? நம்ம மார்க்கெட்டுல இதவிடக் கூட எடுக்கிறோமே மச்சான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "ஆனா ஒரு பெட்டித் தக்காளிய ஒரே ராத்திரியில நூறு தடவ எடைபோட்டு, ஒவ்வொரு தடவையும் கமிஷன் எடுக்க நம்மளால முடியாது. இவுக எடுக்கிறாக. சரக்கே இல்லாத கமிஷன் கடை!" நிகழ்தகவுக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குப் புரிய வைத்ததில்லை. அவர் குரலில் கண்டனம் துளியும் இல்லை, முழுக்கப் பொறாமை.

அவரை உலுக்கியது அடுத்த மேஜை. 'அந்தர் பாஹர்' என்று பலகை. நம்ம உள்ளே-வெளியே! மங்காத்தா! எங்கள் பக்கம் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் துண்டை விரித்து ஆடுகிற ஆட்டம். பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது, சீட்டுக்கட்டு பறிமுதல் என்று மறுநாள் பேப்பரில் மூலையில் வரும். அதே ஆட்டத்தை இங்கே கழுத்துப்பட்டை கட்டிய பெண் ஏ.சி.யில் நின்று சிரித்துக்கொண்டே போடுகிறாள். மச்சினர் பழக்கதோஷத்தில் ஓடுவதற்குத் தோதான வாசலைத் தேடினார். சுற்றிலும் ஆறு.

நம் சூதாட்டத் தடைச் சட்டம் 1930-ஆம் ஆண்டுடையது. அமெரிக்காவில் நெவாடா மாகாணம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்து லாஸ் வேகாஸுக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1931. சென்னை மாகாணம் கதவைச் சாத்தின மறு வருஷம் அங்கே திறந்திருக்கிறார்கள்.

படியேறி வரும்போது இன்னொன்று தெரிந்தது. கோவாக்காரர்கள் கோவா கேசினோவுக்குள் வரக்கூடாது என்று 2020 பிப்ரவரியிலிருந்து தடை. மான்டே கார்லோவில் மொனாக்கோ குடிமக்கள் சூதாட முடியாது. சிங்கப்பூரில் குடிமக்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், பாஸ்போர்ட் காட்டுகிற வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் கட்டணம் இல்லை. சமைத்தவர் தன் பிள்ளைகளை மட்டும் சாப்பிடவிடாத ஓட்டலைப்போல இருக்கிறது இது. மதுரையின் ராத்திரி அப்படி உள்ளூர்க்காரர்களை ஒதுக்கி வைத்ததில்லை. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் ஊரின் இரவைச் சாமம் சாமமாக எழுதியிருக்கிறார். அல்லங்காடி என்கிற இரவுச் சந்தை, பண்டத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிழும் அப்ப வியாபாரி, களவுக்குக் கிளம்புகிறவன், அவனுக்காகப் பதுங்கியிருக்கும் காவலர். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். களவுக்குக் கிளம்புகிறவன்கூட.

மேல்தளத்தில் ஆட்டம் பாட்டம் நடந்தது. பளபள உடையில் நாலு பேர் ஆடினார்கள், ஒருவர் பாடினார், அரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். மச்சினருக்கு இது தாங்கவில்லை. வள்ளி திருமணம் நாடகத்தில் அந்த நேரத்துக்கு பபூன் அப்போதுதான் மேடைக்கு வந்து ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருப்பார். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணி முடிக்கவே விடிந்துவிடும். ஒற்றைக் குரலில் ஒரு ஊரையே விழிக்க வைத்திருந்த பரவை முனியம்மாவின் மண்ணிலிருந்து வந்தவரிடம் அரை மணி நேரக் கச்சேரியைக் காட்டினால் எப்படி? 2003-ல் 'தூள்' படத்துக்குப் பிறகு உலகம் அவரைப் பார்த்தது, எங்களுக்கு அதற்கு எத்தனையோ காலம் முன்பே திருவிழா மேடைகளில் தெரியும். "இதுக்குப் போயி கைதட்டுறாய்ங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே நாலாவது தட்டுடன் பந்திக்குப் போனார்.

ஊர் திரும்பும் ரயிலில் பரவையில் கேசினோ திறக்கும் திட்டம் தயாராகிவிட்டது. நான் நடைமுறையைச் சொன்னேன். மாப்ள, போலீஸ் அனுமதி கிடைக்காது. ஆடல் பாடல் நிகழ்ச்சி மாதிரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப் போட வேண்டும். நிபந்தனையோடு உத்தரவு வரும்: ராத்திரி பத்து மணிக்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். சீட்டில் உள்ள ராணி கண்ணியமாக உடுத்தியிருக்க வேண்டும். எந்தக் கட்சிக்கும் எந்தச் சாதிக்கும் ஆதரவாகச் சக்கரம் சுற்றக் கூடாது.

"அதெல்லாம் சரி மச்சான், பிளெக்ஸ் வைக்க விடுவாகளா?"

ஐந்நூறு ரூபாய் ஜெயித்தவனுக்கு நாற்பது அடியில் வாழ்த்து பிளெக்ஸ், தோற்றவனுக்கு விளக்குத்தூண் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அச்சகக்காரருக்கு இரண்டிலும் லாபம் என்று கணக்குப் போட்டவர், கேசினோவைக் கைவிட்டுவிட்டு பிரிண்டிங் மெஷின் என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்தார்.