ஸ்கேனர் சார்

குன்னூர் பெட்ஃபோர்டில் காரை நிறுத்திவிட்டு வர்க்கி வாங்கப் போகிறீர்கள். திரும்பி வரும்போது கார் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, காதை மூடிய மஃப்ளர். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நீலப் பெட்டி. "நீங்க வந்து நிறுத்தும்போதே கவனிச்சேன். ஐடிலிங் ஒரு மாதிரியா இருக்கே, செக் எஞ்சின் லைட் எரியுதுங்களா?" என்பார். இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வர்க்கி நமுத்துப்போகும்வரை விடமாட்டார்.

இவர்தான் ஸ்கேனர் சார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் இருக்கிறார். பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பல ரகம் உண்டு. அசல் சரக்கு என்றால் டீ பேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர்தான். நொதிக்கிற தூளை முகர்ந்து பார்த்தே, டிரையருக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டதா என்று சொன்ன மூக்கு அது. ரிட்டயர் ஆனதும் அதைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "பெட்ரோல் ரிச்சா போகுது" என்று தீர்ப்புச் சொல்வார். மறுத்துப் பேச வேறு யாரிடமும் அப்படியொரு மூக்கு கிடையாது.

அவருக்கும் ஒரு கார் உண்டு. பதினைந்து ஆண்டு முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்னும் ஐந்தாண்டு ஆயுள் வாங்கிவந்த கார். அதன் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. நீலப் பெட்டிதான் ஸ்கேனர். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முனைச் சாக்கெட்டில் செருகினால், செல்போனில் வரும் கோளாறு கோடு பி0135. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். இந்த மாதிரிச் சுயபரிசோதனை அமெரிக்காவில் 1996-லேயே எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. இந்தியாவில் 2010-இல் ஆரம்பித்து, 2013-இல்தான் முழு வடிவத்துக்கு வந்தது. நம் மலைக்கு அது கொடுத்த கொடை, ஸ்கேனர் சார்.

கோளாறு என்னவோ எளிமையானதுதான். புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடேற்ற உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். சென்சார் சூடாகும்வரை வண்டியின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் ஊற்றும். ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை என்பதுதான் பி0135 சொல்லும் சங்கதி.

ஆனால் ஸ்கேனர் சாருக்கு 'ஹீட்டர்' என்ற பகுதி காதில் விழுவதே இல்லை. 'ஆக்சிஜன்' என்ற இடத்திலேயே அவர் நின்றுவிடுவார். "ஊட்டியில காத்துல ஆக்சிஜன் கம்மிங்க. பாவம், ஆக்சிஜன் சென்சார் என்ன பண்ணும்?" கேட்பவர்களில் பாதிப்பேர் தலையாட்டிவிடுவார்கள். எனக்கும் ஆட்டத்தான் தோன்றும், அத்தனை நம்பிக்கையோடு சொல்வார். உண்மையில் மேட்டுப்பாளையத்துக் காற்றிலும் ஊட்டிக் காற்றிலும் ஆக்சிஜன் பங்கு ஒன்றேதான், நூற்றுக்கு 21. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டி நிற்கிறது. அதனால் இழுவை குறையும், ஆளுக்கும் மூச்சு வாங்கும். ஹீட்டர் ஒயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவரை முழுக்கக் கேலி செய்வதும் நியாயமில்லை. கார்புரேட்டர் காலத்தில் அவர் சொன்னது சரிதான். கீழே செட் செய்த கார்புரேட்டரோடு மலை ஏறினால், காற்று மெலிய மெலியப் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை தள்ளும். பர்லியார் தாண்டியதும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற அம்பாஸிடர்களை அவர் எத்தனையோ பார்த்தவர். அப்போது உயரத்தைக் காரணம் சொன்னவர் அறிவாளி. இப்போதோ காற்றழுத்தத்தை அளக்க வண்டிக்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கிறது. உயரத்துக்குத் தக்கபடி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. இந்தச் செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அவருடைய முதல் வைத்தியம், அந்தக் கோடு எண்ணை அழிப்பது. செல்போனில் ஒரு தட்டு, விளக்கு அணைந்துவிடும். "வண்டி புதுசாயிடுச்சு!" என்பார். இங்கேதான் விதி விளையாடுகிறது. இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலும், அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் தப்புத் தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் விளக்கை எரியவிடும். ஆகவே அழித்த அன்றைக்கு எரியாது. அன்றைக்கு அவர் என்ன செய்தாரோ, பெருமை அதற்குப் போய்விடும். பேட்டரி டெர்மினலை இறுக்கியிருந்தால் பேட்டரி, பங்க்கை மாற்றியிருந்தால் பெட்ரோல், ஒன்றுமே செய்யாமல் லவ்டேல் வரை ஓட்டிவிட்டு வந்திருந்தால், "வண்டியை ஓட்டணுங்க, நிறுத்தி வெச்சாத்தான் கெடுது." மறுநாள் கேத்தி தாண்டுவதற்குள் விளக்கு வந்துவிடும். அவர் அடுத்த தத்துவத்துக்குப் போய்விடுவார். தேதி, சீதோஷ்ணம், கிலோமீட்டர், கோடு எல்லாம் டேஷ்போர்டு டைரியில் ஏறிக்கொண்டே போகும். டீ பேக்டரி ரெஜிஸ்டர் எழுதிய கை.

இரண்டாவது வைத்தியம், புதுச் சென்சார். இதற்காகவே கோயமுத்தூர் போவார். மலைக்காரர் வாயில் அது "கீழே போயிட்டு வர்றேன்". ஒன்று வாங்கி மாட்டி, விளக்கு எரிந்ததும் அது டூப்ளிகேட் என்று சொல்லி இன்னொன்று வாங்குவார். கோடில் ஒரு பாகத்தின் பெயர் வந்தால் அந்தப் பாகமே கெட்டது என்று எடுத்துக்கொள்வது, திருட்டுப் போயிற்று என்று ஸ்டேஷனுக்கு வந்தவனையே லாக்கப்பில் போடுகிற மாதிரி. சென்சார் புகார்தான் கொடுத்தது. திருடன் ஒயரிலோ ஃபியூஸிலோ இருக்கலாம்.

வீட்டம்மாள் பார்வை வேறு. "ஏங்க, அந்த லைட்டு மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிட்டு பேசாம ஓட்டுங்க" என்று ஒரு நாள் கறுப்புப் பொட்டு அட்டையை நீட்டினார். இத்தனை வைத்தியத்தில் செலவு குறைந்தது அதுதான். அவர் கேட்கவில்லை.

கடைசியில் மெக்கானிக் பையனிடம் போகத்தான் வேண்டியிருந்தது. அவனிடம் நீலப் பெட்டி இல்லை. ஒரு மல்டிமீட்டரும் பழைய டூத் பிரஷும் இருந்தன. முதலில் ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. சென்சார் பக்கம் ஹீட்டர் முனைகளில் மீட்டரை வைத்தான். சில ஓம் காட்டியது, அதுவும் சரி. வண்டிப் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு.

"சார், ஐப்பசி மழையில தண்ணி இறங்கியிருக்கு. ரப்பர் சீல எலி வேற கடிச்சிருக்குங்க."

"தம்பி, ஹைட் ப்ராப்ளம் இல்லியா?"

"எலிக்கு ஹைட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

களிம்பைச் சுரண்டி, தளர்ந்த பின்னை மாற்றி, புது சீல் போட்டு மாட்டினான். வடகிழக்குப் பருவமழைதான் குன்னூருக்குப் பெருமழை. அதோடு மூடுபனியும், கதகதப்புக்கு எஞ்சின் பக்கம் குடிவரும் எலியும் சேர்ந்துகொண்டால், பழைய காரின் ஒயருக்கு வேறு எதிரி தேவையில்லை. சென்சார் வாங்கிய காசில் அந்தக் கப்ளரைப் பல முறை மாற்றியிருக்கலாம்.

விளக்கு அதற்கப்புறம் எரியவில்லை. சந்தோஷப்பட்டாரா? முதல் நாள் பட்டார். பிறகு டைரியில் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. டீக்கடையில் "லைட் என்னாச்சு சார்?" என்று கேட்கவும் ஆள் இல்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல், சும்மாவாவது பெட்டியைச் செருகி 'கோடு இல்லை' என்ற வரியை வெறித்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம்தான் பெட்ஃபோர்டில் அடுத்தவர் கார்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார்.

ஆகவே மலைக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் பதற வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்து ஃபியூஸையும் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள், சென்சாரைக் கடைசியில் வாங்கலாம். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துவிடும். ஓரம் கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்கேனர் சாரைக் கூப்பிட வேண்டியதில்லை. அவரே வந்துவிடுவார்.