மேல மடையைப் பாருலே

எலேய், லேப்டாப்பை அந்த அடி அடிக்காத. அது உங்கப்பன் மாசத் தவணையில வாங்குனது. உள்ள இருக்குத பைத்தானுக்கு வலிக்கவும் வலிக்காது. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், எருமை மேச்சவன். ஊரடங்கு நேரத்துல உங்க அத்தை மக இதே திண்ணையில ஒக்காந்துதான் கம்பெனி வேலை பாத்தா. அவ வஞ்சதையெல்லாம் காதுல வாங்கிக்கிட்டுக் கெடந்தேன், அம்புட்டுதான்.

23-வது வரியில சின்டாக்ஸ் எரர்ங்குது, வரி சுத்தமா இருக்குங்குத. இருக்கும்லே. வயலுக்குத் தண்ணி வரலேன்னா வரப்புல நின்னு அழுவாங்களா, மேல மடையைப் போயிப் பாப்பாங்களா? அம்பு போட்டுக் காட்டுத எடத்துலதான் நீ தப்புப் பண்ணுனன்னு எவன் சொன்னான்? அதுக்கு மேல படிக்க ஏலாம மெஷின் தெணறுன எடம் அது. 22-ல அடைப்புக்குறியைத் தொறந்துட்டு மூடாம விட்டிருப்ப. மூடுத வரைக்கும் வாக்கியம் முடியலேன்னுதான் பைத்தான் நெனைக்கும். 23-ஐயும் அதோட சேத்து இழுத்து வாசிச்சுட்டு, இது எங்கயிருந்து வந்துச்சுன்னு முழிக்கும். பாவம், மாட்டிக்கிட்டது 23.

2021-ல 3.10 வெர்ஷன் வந்த பெறகு பைத்தானுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு. இந்த அடைப்பை மூடவே இல்லையேன்னு தொறந்த எடத்தையே காட்டப் பழகிக்கிடுச்சு. முக்காப்புள்ளியை முழுங்கிட்டா அதையும் கேக்குது. கமா விட்டுப்போச்சோன்னு சந்தேகமா வேற கேக்கும். அதை அப்படியே நம்பி கமாவா வெதைச்சுத் தள்ளாத, அதுக்கும் சில நேரம் குத்துமதிப்புதான். காலேஜ் லேப்ல பழைய 3.8 கெடந்தா இந்த ஒபகாரமும் கெடையாது.

பெறகு நீ ஒரு தந்திரம் பண்ணுன பாரு, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. எதுவரைக்கும் ஓடுதுன்னு பாக்க மொத வரியில ஒரு பிரிண்ட் போட்ட. அது வரலேன்ன ஒடனே, மொத வரியிலயே தப்புன்னு அதை அழிச்சு அழிச்சு எழுதுன. எய்யா, கோப்பு முழுக்கப் படிச்சு முடிச்சாத்தான் ஒத்த வரியாவது ஓடும். படிக்கயிலேயே நின்னுட்டா ஓட்டமே ஆரம்பிக்கல, எங்கயிருந்து பிரிண்ட் வரும்? சந்தேகப்படுத வரிக்கு முன்னால ஒரு # போட்டு மறைச்சுட்டு ஓட்டிப் பாரு. அப்பவும் அதே முறைப்புன்னா அந்த வரியை விட்டுட்டு அடுத்ததைச் சந்தேகப்படு.

வாட்ஸப்புல வந்த கோடை அப்படியே எடுத்து ஒட்டுவியே, அதுல ஒரு வில்லங்கம் உண்டு. கண்ணுக்கு மேற்கோள்குறி மாதிரிதான் இருக்கும். கிட்டப் போயிப் பாத்தா நேராக் குத்திட்டு நிக்காது, கொம்பு வளைஞ்சிருக்கும். கடுதாசி எழுத அது அழகு. பைத்தானுக்கு ஆகாது. இன்வேலிட் கேரக்டர், யு+2018-ன்னு நம்பர் போட்டே சொல்லும். நீ நம்பரைப் படிக்காம ஸ்பெல்லிங்கைத் திருத்துவ. குறியை அழிச்சுட்டு ஒங்கையால அடி, தீந்துச்சு. டேப்பையும் ஸ்பேஸையும் கலந்து உள்தள்ளி வச்சாலும் இந்தக் கூத்துதான். பாக்க வரிசையாத்தான் நிக்கும், டேப் எரர்னு கத்தும். எடிட்டர்ல நாலு ஸ்பேஸ்னு ஒருதரம் வச்சுட்டுத் தொலை.

பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லாத பாடத்தைப் பாத்து எழுதுனேன்னா, அது பைத்தான் 2 காலத்துப் பாடம். 2008-ல 3.0 வந்தப்பவே அந்த வழக்கத்தை மாத்திட்டாங்க. 2-க்கு 2020 பொறந்தன்னைக்கே முழுக்குப் போட்டாச்சு. நீ இன்னும் கருமாதிக்கு மொய் எழுதிக்கிட்டிருக்க.

ஒண்ணைத் திருத்துனதும் 41-ல இன்னொண்ணு மொளைச்சா, கெடுத்துட்டேனோன்னு பழையபடி மாத்தி வைக்காத. அது மொத தப்புல முட்டினதும் வாயை மூடிக்கிடும், அடுத்தது முன்னாலயே அங்கதான் குத்த வச்சிருந்திருக்கும். 23-ல இருந்து 41 வரைக்கும் வந்திருக்கன்னா, அது ஒனக்குப் பெரிய காரியம்லே!

அப்பவும் ஏலலேன்னா அத்தை மககிட்ட கேளு. அதுக்காக ஸ்கிரீனைக் கோணலா போட்டோ புடிச்சு, எரரைப் பாதி வெட்டி, "அக்கா ஓடல"ன்னு மட்டும் அனுப்பாத. எரர் மொத்தத்தையும் எழுத்தா ஒட்டு, அதுக்கு மேல உள்ள அஞ்சாறு வரியையும் சேத்து ஒட்டு, எந்த வெர்ஷன்னு சொல்லு. அதை ஒட்டிக்கிட்டு இருக்கயிலேயே மூடாத அடைப்பு ஒன் கண்ணுல பட்டாலும் பட்டுரும். பட்டுதுன்னா அவளுக்கு அனுப்பாம அழிச்சிரு, நானும் சொல்ல மாட்டேன். சொல்லாம இருக்க ஒரு டீயும் ரெண்டு வடையும் ஆகும்.