போர்டு பேசலைன்னா பெரியப்பாவைக் கேளு

வா கண்ணு, உக்காரு. காட்டுப்பாக்கத்துல மெட்ரோ தூண் எழும்புனதுலேர்ந்து எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கினுதான் நடக்கிறாங்க. நீ மட்டும் மொட்டை மாடி தண்ணி டேங்கையே மொறைச்சுக்கினு நிக்கிறியாமே? டேங்க் ரொம்புனா ரேடியோவுல கீழ சேதி சொல்ற போர்டாம், உன் கைவேலையாம். மேசை மேல வாயாடுது, டேங்க் மூடி மேல வெச்சா ஊமையாயிடுது. உடனே பக்கத்து செல்போன் டவர் மேல பழியைப் போட்டுட்டே. நல்லது. படிச்ச புள்ளைக்கு முதல்ல பழி போட ஒரு ஆள் வேணும்.

ஆன்டெனாவுக்கு முன்னாடி கீற கெப்பாசிட்டர், இண்டக்டர் மதிப்பெல்லாம் எங்க புடிச்சே? டேட்டாஷீட்லயா? பேஷ்! அது அந்தக் கம்பெனிக்காரன் தன் போர்டுல, தாராளமா கிரவுண்ட் செம்பு விட்டு அளந்து எழுதுனது. உன் போர்டு பேசற 865 மெகாஹெர்ட்ஸ்ல அலை நீளம் கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர். கால்வாசின்னாலே 8 சென்டிமீட்டருக்கு மேல. உன் போர்டோ தீப்பெட்டி அளவு. குட்டி ஆன்டெனாவுக்குப் பாதி வேலை செய்யறது அந்தச் செம்புதான், அதையே நறுக்கிட்டே. அடுத்தவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கினு ஊரே மங்கலாயிடுச்சுன்னா எப்படி?

சிரிக்காதே. 1975 ஆகஸ்ட் 15 மெட்ராஸ்ல தூர்தர்ஷன் வந்தப்புறம், இந்தப் பக்கம் மாடி மாடியா ஆன்டெனா கட்டுனவன் நான். மடிச்ச குழாய் ஆன்டெனா 300 ஓம், பட்டை ஒயரும் 300 ஓம், சண்டையே இல்ல. அப்பறம் 75 ஓம் கேபிள் வந்துச்சு. நடுவுல பாலன்னு ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வெக்கணும். அந்தக் காசை மிச்சம் புடிச்சு ஒயரை முறுக்கி வுட்டவன் வீட்டு டிவில மழை பேஞ்சுது. அவன் தூர்தர்ஷனைத் திட்டுனான், நீ டவரைத் திட்டுற. பரம்பரைக் குணம்.

அளக்கச் சோம்பலா? ஒரு வழி சொல்றேன். ஆன்டெனாவைக் கழட்டிட்டு 50 ஓம் ரெசிஸ்டரைப் பத்தவை. திரும்புற அலையை அளக்கிற வி.என்.ஏ. மிஷின்ல கோடு பாதாளத்துக்கு இறங்கும், ஒரு துளி திரும்பாது. வெளியவும் ஒரு துளி போவாது, அத்தனையும் சூடாயிடும். மேனேஜர்கிட்ட காட்ட அம்சமா இருக்கும்.

வேலை நடக்கணும்னா, சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில மூணு பேட் வுட்டு போர்டு அடி. நடுவுல பூஜ்ஜிய ஓம், ரெண்டு பக்கமும் காலி. சிப்பு பக்கத்தைப் பிரிச்சுட்டு மெல்லிசு கோஆக்ஸ் ஒயரைப் பத்தவெச்சு, அதோட நுனி வரைக்கும் கேலிபரேட் பண்ணு. 1939ல பெல் லேப்ஸ் ஃபிலிப் ஸ்மித் வெளியிட்ட வட்டப்படத்துல புள்ளி மேல்பாதியில நின்னா இண்டக்டர் குணம், கீழ்ப்பாதியில நின்னா கெப்பாசிட்டர் குணம். எதிர் குணத்தைச் சேர்த்து நடுவுக்கு இழு. -10 டெசிபெல் வந்தா பத்துல ஒரு பங்குதான் திரும்புது. அதை -30 ஆக்க ராத்திரி கண்ணு முழிக்காதே. கெடைக்கப் போறது அந்த ஒரு பங்குக்குள்ளதான்.

ஆனா ஒண்ணு. அளக்கும்போது போர்டை அம்மணமா வெக்காதே. பிளாஸ்டிக் பெட்டி, பேட்டரி, கீழ தண்ணி, எது கிட்ட வந்தாலும் ஆன்டெனா தன் இடத்தை வுட்டு, பெரும்பாலும் கீழ் ஃப்ரீக்வென்சிக்கு நழுவும். 2010ல ஐஃபோன் 4ஐ ஒரு மாதிரி புடிச்சாலே சிக்னல் இறங்குச்சுன்னு ஆப்பிள்காரன் ஓசியில உறை குடுத்தான். அவனுக்கே கை ஒரு கண்டம். உனக்கு டேங்கே கண்டம்.

அதனால பெட்டியை மூடி, பேட்டரி சொருகி, ரொம்புன டேங்க் மேல வெச்சு அளந்து பார்த்து மதிப்பை மாத்து. அப்பவும் பேசலைன்னா சொல்லு, டவரைத் திட்ட நானும் கூட வரேன். எனக்கும் பொழுது போவணும் இல்ல?