காளான் அம்மாவும் வெங்காயத்தாளும்

கே: வியட்நாமில் 'காளான் அம்மா' என்று ஒருவரைச் சொல்கிறார்களே, சமையல் நிகழ்ச்சி நடத்துபவரா? (எம்.எஸ்., கரூர்)

ப: சமைத்துக் காட்டியிருந்தால் பத்தாண்டு சிறை கிடைத்திருக்காது. நுயென் நோக் ஞூ குவின் என்பது பெயர். நியா டிராங் என்ற கடலோர ஊர்க்காரர். மகளை வீட்டில் 'காளான்' என்று கூப்பிடுவார்கள். அதனால் இவர் காளான் அம்மா. 2006 முதல் அந்தப் பெயரில் வலைப்பதிவு எழுதினார். நிலப்பறிப்பு, காவல் நிலையச் சாவு, சீன நிறுவனத்தின் பங்கோடு தோண்டப்பட்ட பாக்சைட் சுரங்கம் என்று எல்லாமே ஆளும் கட்சிக்குச் செரிக்காத சங்கதிகள். பாக்சைட்டை எதிர்த்து வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்காக 2009-லேயே ஒருமுறை உள்ளே போய் வந்தார்.

கே: மீன் செத்ததைப் பற்றிப் பேசினால் கூடவா குற்றம்? (கடலோர வாசகர், நாகப்பட்டினம்)

ப: மீன் செத்தது குற்றமில்லை, ஏன் செத்தது என்று கேட்டதுதான் குற்றம். 2016 ஏப்ரலில் மத்திய வியட்நாமின் நான்கு மாகாணக் கரைகளில், சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு, மீன்கள் செத்து ஒதுங்கின. தைவானின் ஃபார்மோசா குழுமம் ஹா டின்னில் கட்டிய எஃகு ஆலையின் கழிவுதான் காரணம் என்று ஊரே சொன்னது. அரசு இழுத்தடித்தது. ஆலை அதிகாரி ஒருவரோ, மீன் இறால் வேண்டுமா, எஃகு ஆலை வேண்டுமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று டிவியில் சொல்லி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். 'எனக்கு மீன்தான்' என்று அட்டையில் எழுதிக்கொண்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டா நாங் நகர அதிகாரிகள் கடலில் குளித்தும், மீன் தின்றும் காட்டினார்கள். ஜூன் கடைசியில் நிறுவனமே தப்பை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் தர இசைந்தது. நிறுவனத்திடம் வாங்கியது நஷ்டஈடு. கேள்வி கேட்ட குவினை அக்டோபரில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆலை இன்றும் ஓடுகிறது.

கே: மீனுக்காகவா பத்தாண்டு? (ஆர்.வி., திண்டுக்கல்)

ப: மீன் மட்டுமில்லை. போலீஸ் பிடியில் இறந்த 31 பேரின் விவரங்களைத் திரட்டி ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதுவும் குற்றப்பத்திரிகையில் ஏறியது. 31 பேர் செத்ததற்கு அரசு காட்டாத பதற்றம், அதை ஒருவர் வரிசையாக எழுதி வைத்ததற்கு வந்தது. 2017 ஜூன் 29-ல் வழக்கு விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு. இவ்வளவு வேகமான நீதிமன்றம் எங்கும் கிடையாது!

கே: வக்கீல் யாரும் வாதாடவில்லையா? (ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், மதுரை)

ப: வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான வோ ஆன் டோனை, மேல்முறையீட்டுக்கு நான்கு நாள் முன்னதாக மாகாண வழக்கறிஞர் சங்கம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மேல்முறையீடு தள்ளுபடி.

கே: இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய்க்கு இது தேவையா? (பெயர் வேண்டாம், சேலம்)

ப: 'டியூ காய்' என்ற பெயரில் எழுதிய நுயென் வான் ஹாயும் பிள்ளைகளைப் பெற்றவர்தான். தகப்பனுக்கு இது தேவையா என்று எனக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

கே: அந்த டியூ காய் செய்த குற்றம் என்ன? (ஜி.கே., ஈரோடு)

ப: வாடகை வருமானத்துக்கு வரி கட்டவில்லையாம்! 2007-ல் சுதந்திரப் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றை நண்பர்களோடு தொடங்கினார், சீனாவைக் கண்டித்துத் தெருவில் நின்றார். 2008-ல் திடீரென்று வரித்துறைக்கு அவர்மேல் அக்கறை வந்தது. 30 மாதம் தண்டனை. அது முடிந்த நாளில் வீட்டுக்கு விடாமல், அரசுக்கு எதிரான பிரசாரம் என்று அடுத்த வழக்கு. அதில் 12 ஆண்டு. இரண்டாவது வழக்கைப் போட்டபோதே முதல் வழக்கு எதற்காக என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கே: வியட்நாம் அரசமைப்பில் பேச்சுரிமை கிடையாதா? (சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ப: 25-வது பிரிவில் அழகாக இருக்கிறது, சட்டப்படி பயன்படுத்தலாம் என்ற வாலோடு. அந்தச் சட்டம்தான் தண்டனைச் சட்டத்தில் 'அரசுக்கு எதிரான பிரசாரம்' என்ற பிரிவு: முன்பு 88-வது, இப்போது 117-வது. 20 ஆண்டு வரை போடலாம். 117-ல் எனக்குப் பிடித்தது 'தயாரிப்பு' உட்பிரிவு: குற்றம் செய்யத் தயாரானாலே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. பேனாவுக்கு மை ஊற்றும்போதே ஜாக்கிரதை, மாணவி!

கே: இணையத்தில் இத்தனை பேர் எழுதுகிறார்கள். எல்லோரையும் எப்படிக் கண்காணிப்பார்கள்? (டி.பி., ஓசூர்)

ப: ஆள் வைத்து. இணையத்தில் 'தவறான கருத்து'களோடு மோத 10,000 பேருக்கு மேல் கொண்ட 'படை 47' இருப்பதாக 2017 டிசம்பரில் ராணுவ ஜெனரலே அறிவித்தார். மடியில் கனம், அதனால் வழியில் பயம்.

கே: காளான் அம்மா இப்போதும் சிறையிலா? (எல்.ஆர்., புதுச்சேரி)

ப: இல்லை. வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வடக்கே டான் ஹோவா சிறையில் வைத்திருந்தார்கள். அங்கே உண்ணாவிரதமும் இருந்தார். 2018 அக்டோபர் 17-ல், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வியட்நாம் வந்திருந்த வேளையில், தாயார், இரண்டு குழந்தைகளோடு விமானம் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். டியூ காயையும் 2014-ல் இப்படித்தான் அனுப்பினார்கள். பெரிய நாட்டோடு பேரம் பேச, கையில் சில கைதிகள் இருந்தால் வசதி. விடுதலை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொந்த ஊருக்குத் திரும்ப முடியாதவர் எப்படி விடுதலையானவர்?

கே: சிரித்தால் கூடவா அங்கே பிடிப்பார்கள்? (நகைச்சுவை மன்ற உறுப்பினர், திருச்சி)

ப: 2021 நவம்பரில் போலீஸ் துறை அமைச்சர் டோ லாம், லண்டனில், முழங்கையை மடக்கி உப்புத் தூவும் 'சால்ட் பே' என்ற சமையல்காரரின் உணவகத்தில், அவர் கையால் ஊட்டிய தங்கத்தகடு போர்த்திய மாட்டிறைச்சியைச் சாப்பிடும் காட்சி பரவியது. பாட்டாளி வர்க்கக் கட்சி அல்லவா! டா நாங்கில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கும் புய் துவான் லாம், அந்தச் சமையல்காரர் பாணியில் முழங்கையை மடக்கி, நூடுல்ஸ் மேல் வெங்காயத்தாள் தூவி வீடியோ போட்டார். போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. 2022 செப்டம்பரில் கைது, 2023 மே மாதம் ஐந்தரை ஆண்டு. வழக்கு, அவருடைய ஃபேஸ்புக், யூடியூப் பதிவுகளுக்காகத்தானாம். வெங்காயத்தாளுக்காக இல்லையாம். நம்புகிறேன்.

கே: தங்க இறைச்சி சாப்பிட்ட அமைச்சருக்கு என்ன தண்டனை? (அதே வாசகர், திருச்சி)

ப: 2024 ஆகஸ்டில் ஆளும் கட்சியின் பொதுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.