கணவாய்ச் சாலைகளில் சைக்கிளை நிறுத்துவதற்குரிய காரணங்கள்: ஓர் ஆராய்ச்சி

மலைக் கணவாயை நோக்கி ஏறும் சைக்கிள்காரர், உச்சியைத் தொடும் முன் ஒரு காலைத் தரையில் ஊன்றுவது நிற்றல் எனப்படும். நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: மூச்சு வாங்குகிறது. சொல்லப்படும் காரணங்களோ பல. முன்னதை யாரும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இல்லாததால், பின்னவையே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆய்வுக் களம் பிரான்ஸின் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைச்சாலைகள். தேவைப்பட்டபோது இத்தாலியின் ஸ்டெல்வியோவும்.

முதலில் இயற்பியல். சமவெளியில் சைக்கிள்காரருக்கு எதிரி காற்று. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 10 கி.மீ.க்குச் சுருங்கியதும் காற்று ஒதுங்கிக்கொள்ள, உடல் எடை அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில், வண்டியோடு சேர்த்து 85 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வேகத்தில் போக, புவியீர்ப்புக்கு மட்டுமே ஏறத்தாழ 185 வாட் திறனைச் செலுத்த வேண்டும். சமவெளியில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிற உபாயம் இங்கே அதிகம் பலிக்காது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது. இத்தனைக்கும் பிறகு, நின்றவரைக் கேட்டால் செயினில் ஏதோ சத்தம் வந்தது என்பார்.

ஒரு காலத்தில் இந்தச் செயின் காரணம் முழு உண்மையாகவே இருந்தது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பற்சக்கரம் இருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். ஓடும்போதே பல் மாற்றும் கியர் கருவி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே தகும் என்பது டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சின் கட்சி. அக்கருவி அப்பந்தயத்தில் 1937இல்தான் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. அதை மனித குலத்தின் முன்னேற்றம் என்று எழுதுவோர் உண்டு. நிற்றலின் வரலாற்றில் அது பேரிழப்பு. மறுக்க முடியாத ஒரே காரணத்தை அது ஒழித்துவிட்டது.

வண்டி உடைவதும் காரணமே. ஆனால் அதில் சங்கடங்கள் அதிகம். 1913இல் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது இயூஜேன் கிறிஸ்தோஃபின் முன் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது அன்றைய விதி. வண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த் மரி த காம்பான் ஊர்க் கொல்லன் பட்டறையில் தானே நெருப்பில் காய்ச்சிச் சரிசெய்தார். அங்கிருந்த சிறுவன் துருத்தி ஊதியது பிறர் உதவி எனத் தீர்ப்பாகி, அவருக்கு நேரத் தண்டனையும் விதிக்கப்பட்டது. காரணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விசாரணை என்பது இதனால் பெறப்படும். இதற்கு நேர் எதிரான சான்று ஃபெதரிகோ பஹமோந்தெஸ். 1954 டூரில் எல்லோரையும் முந்தி ஒரு கணவாயின் உச்சிக்கு வந்த இந்த ஸ்பெயின்காரர், சக்கரக் கம்பி உடைந்திருந்ததால் உதவி வண்டி வரும்வரை ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டு நின்றார். கம்பியை உலகம் மறந்துவிட்டது. ஐஸ்கிரீம் நிலைத்துவிட்டது.

இக்காலத்துக் காரணங்களில் தலையாயது படம் எடுத்தல். இதன் வலிமை, பொய் என்று நிரூபிக்க முடியாமை. மலை எங்கும் அழகாகவே இருக்கிறது. ஆகவே எங்கும் நிற்கலாம். என்றாலும் ஆழ்ந்து நோக்கினால், சாலை செங்குத்தாகும் இடங்களில் அழகுணர்ச்சி கூடுவதும் தட்டையான இடங்களில் மங்குவதும் புலப்படும். மாடுகள் குறுக்கே நிற்பது இன்னும் உயர்ந்த காரணம். பிரனீஸில் கோடைக்கால மேய்ச்சலின்போது இது தாராளமாகக் கிடைக்கும். மாடு ஓரமாக நின்றாலும் குறுக்கே நின்றதாகவே கொள்ளப்படும்.

நண்பருக்காகக் காத்திருத்தல் தனியே ஆராயத் தக்கது. இதற்குத் தன்னைவிட மெதுவாக ஏறும் ஒருவர் தேவை. அவரும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருத்தல் கூடாது. காத்திருப்பவர் வளைவில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்து, வாழைப்பழம் உரித்து, மூச்சு ஒருநிலைப்பட்ட பின், பின்தங்கியவர் முகம் சிவந்து வந்து சேர்கிறார். அந்தக் கணமே ‘போகலாமா?’ என்ற குரல் எழுகிறது. ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வும், தேவைப்பட்டவருக்குப் பயணமும் வாய்க்கும் இந்த ஏற்பாட்டை நட்பு என்றே எல்லா நாட்டாரும் வழங்குவர்.

நிற்குமிடம் பற்றியும் விதி உண்டு. காலணியைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டுபவர் செங்குத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது பெரும்பாடு. ஒரு காலைப் பூட்டி மறுகாலைத் தேடுவதற்குள் வண்டி நின்றுபோய்ச் சாயும்; ஆகவே சாலைக்குக் குறுக்காகத் திரும்பி, பக்கவாட்டில் இரண்டு மிதி போட்டுப் பிறகு மேல்நோக்கித் திருப்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவின் வெளிவிளிம்பில் சரிவு தணிவதால் அறிந்தோர் அங்கேதான் நிற்பர்.

ஆல்ப் தூவெஸ் சாலை இவ்வகையில் ஒரு கருவூலம். 13.8 கி.மீ. நீளம், சராசரி 8.1 விழுக்காடு ஏற்றம், 21 வளைவுகள். எண்கள் அடிவாரத்தில் 21இல் தொடங்கி மேலே 1இல் முடியும். ஒவ்வொரு வளைவிலும் அங்கு முடிந்த பந்தயக் கட்டத்தை வென்றவர் பெயர் தாங்கிய பலகை. அடிவாரத்துப் பலகையில் 1952இல் முதலில் வென்ற ஃபௌஸ்தோ கோப்பி. வென்றோர் தொகை 21ஐத் தாண்டியதும் கீழ்ப் பலகைகளில் இரண்டாம் பெயரும் ஏறியது. பலகை படிப்பது கல்வி. கல்விக்காக நிற்பவரை யாரும் களைத்தவர் என்று சொல்வதில்லை. ஸ்டெல்வியோவின் வடகிழக்குப் பக்கத்தில் 48 வளைவுகள் இருந்தும் பலகைகளில் எண்ணைத் தவிரப் படிக்க அதிகம் இல்லை.

பிரெஞ்சுக் கணவாய்களில் பலவற்றில் கிலோமீட்டருக்கு ஒரு கல், இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றம் எவ்வளவு என்று சொல்லும். சராசரி என்பதுதான் இதில் சூது. 8 என்று எழுதியிருக்கும். பாதி 5, மீதி 11 ஆக இருக்கும். சொன்னது பொய்யில்லை என்பதால் வழக்குப் போடவும் வழியில்லை.

வண்டியை விட்டு இறங்கித் தள்ளுவது நிற்றலில் அடங்குமா? அடங்கும் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. தூர்மலே முதன்முதல் பந்தயத்தில் சேர்ந்த 1910இல், அதன் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் ஒக்தாவ் லாபீஸின் புகைப்படம் உள்ளது. அவ்வாண்டு டூரை வென்றவரும் அவரே.

உச்சியில் நிற்பதற்குக் காரணம் வேண்டாம். ஆனால் உச்சி எது என்பதில் தகராறு உண்டு. போனெத் கணவாய் 2715 மீட்டர். 2764 மீட்டர் உயர இஸரானுக்குத் தோற்றுப்போனது. அதற்காக, சிகரத்தைச் சுற்றி 2802 மீட்டர்வரை ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் ஒரு சாலைக் கண்ணி போடப்பட்டது. எங்கும் போகாத அந்தச் சாலையில் ஏறாதவர் முழுதாக ஏறியவர் ஆகமாட்டார். கணக்கில் கறார் வேண்டுவோருக்கு நூறு கணவாய்க் கழகம் என ஓர் அமைப்பே பிரான்ஸில் இருக்கிறது. நூறு கணவாய் ஏறியிருக்க வேண்டும். அவற்றுள் குறைந்தது ஐந்து 2000 மீட்டரைக் கடந்திருக்க வேண்டும். வழியில் எத்தனை முறை நின்றீர்கள் என்று கழகம் கேட்பதில்லை.

எஞ்சியிருப்பது பனி. உயரமான கணவாய்கள் குளிர்காலம் முழுதும் மூடப்பட்டிருக்கும்; அவற்றுள் பல வசந்தத்தின் இறுதியில்தான் திறக்கும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை அடிவாரத்துப் பலகையே சொல்லிவிடும். மூடியிருக்கிறது என்று கண்டவர் ஏறவே வேண்டாம். பக்கத்துக் காப்பிக் கடையில் மாலைவரை மனநிறைவோடு வருந்தலாம். தூர்மலே உச்சியில், பெடல்மேல் எழுந்து நின்று வாய்பிளந்து மூச்சு வாங்கும் லாபீஸின் பெரிய உலோகச் சிலை ஒன்று உண்டு. அதையும் குளிர்காலத்துக்கு முன் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடுவார்கள். ஜூனில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக மிதித்து வர, அது லாரியில் ஏறி வந்து சேரும்.