திறனற்றவர்களைக் கண்டெடுத்த பெருமக்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரை மக்கள் செய்த புண்ணியம் கொஞ்சநஞ்சமா? தொழில் தெரியாது என்பதே தெரியாமல் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தவர்களைத் தேடிவந்து, "நீங்கள் திறனற்ற தொழிலாளர்" என்று எடுத்துச் சொல்ல வேலைவாய்ப்பு வல்லுநர்கள் வாய்த்தார்களே!

அவர்கள் கணிப்பு பிசகாது. இறால் தடவும் இருளர் பெண்ணைப் பாருங்கள். கலங்கல் தண்ணீரில் குந்தியபடியே நகர்கிறாள். இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவுகின்றன, பறி பல்லிடுக்கில். விரலில் பட்டது இறாலா, நண்டுக் கொடுக்கா, கெளுத்தி முள்ளா என்று கண்ணால் பாராமலே தீர்மானித்து, இறாலை மட்டும் பறிக்குள் போடுகிறாள். இதில் என்ன திறன் இருக்கிறது? சான்றிதழ் உண்டா, முத்திரை உண்டா? துறைமுக வளாகத்தில் இவள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள். திறன் மேம்பாடு கண்கூடாகத் தெரியும்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் பக்கம் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு. மீன்படும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று உனக்கு வாய்த்த இடம் நாளை எனக்கு. இடம் கொஞ்சம், ஆள் அதிகம் என்ற சிக்கலை ஆலோசகர் இல்லாமல், அறிக்கை அச்சடிக்காமல் தீர்த்துக்கொண்டால் எந்த வல்லுநருக்குத்தான் பொறுக்கும்? 'பாடு' முறையில் இருளருக்கு இடமில்லை என்பது உண்மையான குறை. அதைச் சரிசெய்ய உதவியிருக்கலாம். நல்லவேளை, அந்தச் சில்லறை வேலையில் அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

அவர்கள் பார்வை பெரிது. எண்ணூரில் 2001இல் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் இன்னொரு துறைமுகமும். இடம் விட்டுக்கொடுத்த குப்பத்துக் குடும்பங்களுக்கு வேலையும் தந்தார்கள், ஒப்பந்த அடிப்படையில். அதை நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் போராடியதை நன்றி கெட்டதனம் என்றுதான் சொல்லவேண்டும். நிரந்தர வேலை ஆளைச் சோம்பேறியாக்கும். அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாதவன்தானே சுறுசுறுப்பாக இருப்பான்? 2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம் தயாரானது. வலை வீசுகிறவன், கூடையில் மீன் விற்கிறவள், கருவாடு காயப்போடுகிறவள் எல்லோரையும் முதலில் வேலையற்றவர் ஆக்கினால்தானே பிறகு வேலை கொடுக்க முடியும்? இந்த எளிய கணக்கு விளங்காத மக்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிப்போயின.

அரசின் வள்ளன்மையிலும் குறைவில்லை. 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆயிற்று. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். முல்லைக்குத் தேரையே கொடுத்த பாரி, பாவம், வகுத்தல் தெரியாதவன்.

விடுமுறையும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வரும். அண்ணாந்து பார்க்க ஓய்வு. அன்றைய கூலியைக் கேட்பது நாட்டுப்பற்றுக்கு அழகல்ல.

முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்கட்டும், ஏரிக்குள் கடல்தண்ணீர் ஏறி இறங்கட்டும், பிடித்த மீனுக்கு விலை படியட்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது குப்பத்தார் பேச்சு. வேலைவாய்ப்புக் கொள்கை என்றால் இவ்வளவு மலிவாகவா இருக்கும்? அதனால் வல்லுநர்கள் காவலாளிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காற்று வாடையா கொண்டலா என்று படுத்த படுக்கையிலேயே சொல்லி, அதற்கேற்ப வலையை மாற்றச் சொல்லும் பெரியவர்கூட, வாயிலில் நின்று லாரி எண்ணைப் பதிவேட்டில் எழுதப் பழகினால் அரைத்திறன் தொழிலாளராக உயரலாம். அவருக்கு வயது வரம்பில்தான் கொஞ்சம் இடிக்கிறது.